கணக்கெடுக்க வந்தவர்கள் காலனியில் கேட்காத கேள்விகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் காலனிக்கு நர்சிங் படிக்கும் பிள்ளைகள் எட்டுப் பேர் வந்தார்கள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் நாலு பக்கப் படிவம், ஒருத்தி தோளில் பிரஷர் பார்க்கும் கருவி. படிவத்தின் தலைப்பில் இப்படி அச்சாகியிருந்தது: ‘18 வயதுக்கு மேற்பட்டோரின் உடல்நல அறிவு, மனப்பான்மை, பழக்கவழக்கம்.’

வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் போய்விட்ட நேரம் அது. நூறு நாள் வேலைக்காரர்கள் ஏரிக்கரையில் இருந்தார்கள். கரும்பு வெட்டப் போனவர்கள் விடிவதற்கு முன்பே லாரி ஏறிவிட்டார்கள். சித்தாள் வேலைக்காரர்கள் டவுனில். தெருவில் மிச்சம் இருந்தது வயதானவர்களும், கைக்குழந்தை வைத்திருந்த இரண்டு பெண்களும், நானும்தான். அதனால் 18 வயதுக்கு மேற்பட்டோர் என்ற அந்தக் கணக்கு எங்கள் தெருவில் 60 வயதுக்கு மேற்பட்டோர் கணக்காகத்தான் முடிந்தது.

எதிர்வீட்டு ஆயாவிடம் ஒரு பெண் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினாள். நல்ல பிள்ளை. மரியாதையாகத்தான் கேட்டாள்.

“உப்பு அதிகமா சேர்த்துக்கிட்டா பிரஷர் வரும்னு உங்களுக்குத் தெரியுமா ஆயா?”

“தெரியும் பாப்பா. நர்சம்மா வந்தப்பல்லாம் சொல்றாங்களே.”

“உப்பைக் குறைக்கிறது நல்லதுன்னு நினைக்கிறீங்களா?”

“நல்லதுதான்.”

“ஊறுகாய், கருவாடு எல்லாம் சாப்பிடுவீங்களா?”

“அது இல்லன்னா சோறு எப்படி உள்ள எறங்கும்?”

“வாரத்துல எத்தனை நாள் பழம் சாப்பிடுவீங்க?”

ஆயா சிரித்துவிட்டார். “பழமா? யாராவது ஆஸ்பத்திரியில படுத்தா பாக்கப் போறப்ப வாங்குவோம் கண்ணு.”

அந்தப் பெண் நான்கு இடங்களில் டிக் அடித்தாள். அறிவு: உண்டு. மனப்பான்மை: சரி. பழக்கம்: இல்லை, இல்லை. அவள் அடித்த டிக் எதுவும் பொய் இல்லை. ஆனால் இதை மாவட்டத் தலைநகரில் மேசையில் வைத்துக் கூட்டிப் பார்ப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? இந்த மக்களுக்குத் தெரிகிறது, ஆனாலும் செய்யமாட்டேன் என்கிறார்கள், இன்னும் கொஞ்சம் விழிப்புணர்வு கொடுக்க வேண்டும் என்றுதான். அடுத்த மாதம் ஒரு பேனர் கட்டுவார்கள். பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் ஊர்வலம் விடுவார்கள். காய்கறியும் கீரையும் பழமும் வரைந்த துண்டுப் பிரசுரம் வரும். மூன்று நாளும் பழைய சோற்றுக்குத் துணையாக இருக்கிற கருவாட்டைப் பற்றியோ, காய் வாங்கும் காசைப் பற்றியோ அதில் ஒரு வரி இருக்காது.

இந்த வகைக் கணக்கெடுப்பு புதிது இல்லை. 1950களில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்களுக்காகப் பல நாடுகளில் தொடங்கிய முறை இது. மக்களுக்கு என்ன தெரியும், அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்பது. எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே பிரசாரத்தைத் திருப்புவது. பிறகு மலேரியா, எய்ட்ஸ், காசநோய், கை கழுவுதல் என்று எல்லாவற்றுக்கும் இதே முறை வந்துவிட்டது. இதற்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு மனிதனுக்கு விஷயம் தெரிந்தால் அவன் மனம் மாறும், மனம் மாறினால் பழக்கம் மாறும் என்பது. ஓரளவு வசதி உள்ளவர்களுக்கு இது பொருந்தலாம். காலனியில் அறிவுக்கும் பழக்கத்துக்கும் நடுவே கூலி நிற்கிறது, தண்ணீர் நிற்கிறது, ஊர்க்காரர் நிற்கிறார், ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடுகிறவர் நிற்கிறார். படிவத்தில் இவர்களுக்குக் கட்டம் கிடையாது.

இதைச் சொன்னதும் நான் கணக்கெடுப்பே வேண்டாம் என்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கு இல்லாவிட்டால் நாம் இருப்பதே தெரியாது. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புதான் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று சொன்னது. இரண்டில் ஒருத்திக்கு மேல்! 2020ல் தமிழ்நாட்டில் எடுத்த இன்னொரு கணக்கெடுப்பில், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்தது. அப்படிப்பட்ட நிலைமையில்தான் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. மாத்திரை வாங்க மனிதர் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், மாத்திரை வீட்டுக்கு வரட்டும் என்ற எண்ணம். மக்களுக்கு விவரம் போதாது என்று பேனர் கட்டுவதோடு நிற்காமல், தூரம்தான் தடை என்று புரிந்துகொண்டு செய்தது அது. கணக்கெடுப்பு ஒழுங்காக நடந்தால் இப்படியும் ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தப் படிவங்களோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. பத்துப் பதினைந்து வருடம் முன்பு ஒரு தொண்டு நிறுவனத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். “நீங்க தமிழ் எம்.ஏ.தானே, இந்தக் கேள்விகளைக் காலனி மக்களுக்குப் புரியற மாதிரி தமிழில் போட்டுக் கொடுங்க” என்றார்கள். ஆங்கிலத்தில் இருபத்தைந்து பக்கம். மூன்று நாள் மல்லுக்கட்டினேன். ‘மிதமான தீவிரமுள்ள உடற்பயிற்சி’ என்று நான் எழுதிய தமிழை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்றங்காலில் இறங்கி, மதியம் வரை குனிந்து நட்டுவிட்டு, தலையில் விறகோடு திரும்பும் ஒரு பெண்ணிடம் “உடற்பயிற்சி செய்கிறீர்களா?” என்று கேட்டோம். “இல்லைங்க” என்றாள். இல்லை என்று குறித்துக்கொண்டோம்! உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் பயன்படுத்தும் படிவத்தில் வேலையில் செய்யும் உழைப்பு, நடந்தோ சைக்கிளிலோ போவது, ஓய்வு நேர விளையாட்டு என்று தனித்தனியாகக் கேட்பார்கள். அது எங்கள் கைக்கு வந்தபோது சுருக்கி ஒரே கேள்வியாக்கி இருந்தார்கள். சுருக்கியபோது நம் பெண்களின் உழைப்புதான் வெட்டுப்பட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் ‘சுகாதாரம்’ என்ற சொல்லில் வந்தது. “சுகாதாரத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று ஒரு வீட்டில் கேட்டபோது, அந்த வீட்டு மனிதர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். “என் வேலையே அதானம்மா” என்றார். பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர். அவருக்குச் சுகாதாரம் என்றால் மற்றவர்கள் போட்ட குப்பையும் சாக்கடையும். அவருக்குக் கையுறை கொடுத்தார்களா, கொடுத்தது எத்தனை நாளில் கிழிந்தது, வருடத்துக்கு ஒரு தடவையாவது உடம்பைப் பரிசோதித்தார்களா என்பதெல்லாம் அந்த இருபத்தைந்து பக்கத்தில் எங்கும் இல்லை. சாப்பிடும் முன் கை கழுவுவீர்களா என்பது மட்டும் இருந்தது.

கை கழுவுவதைப் பற்றிச் சொன்னதால் ஒன்று சொல்ல வேண்டும். யாரைக் கேட்டாலும் “சோப்பு போட்டுக் கழுவுவேன்” என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். படித்தவர் முன்னால் தாழ்ந்து தெரியக்கூடாது என்று எல்லோருக்கும் இருக்கும். அதனால் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் வாய்ப்பேச்சோடு விடுவதில்லை. கை கழுவும் இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கே தண்ணீர் இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். நல்ல முறை. கண்ணால் பார்க்கும்போதுதான் வீட்டுக்குள் குழாய் இல்லாததும், தெருக்குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருவதும் தெரியவரும்.

யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதைப் பற்றிச் சுகாதாரத் துறையில் வேலை செய்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. தடுப்பூசி எத்தனை குழந்தைகளுக்குப் போட்டிருக்கிறது என்று பார்க்க உலகம் முழுக்க ஒரு முறை பல பத்தாண்டுகள் நடப்பில் இருந்தது. முப்பது ஊர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஏழு குழந்தைகள். ஊரின் நடுவே போய் நிற்பார்கள். ஒரு பாட்டிலையோ பேனாவையோ தரையில் சுழற்றிவிடுவார்கள். அது எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையில் ஒரு வீட்டில் தொடங்கி, அடுத்தடுத்த வீடு என்று ஏழு குழந்தைகள் கிடைக்கும்வரை போவார்கள். எளிய முறைதான், செலவும் குறைவு. ஆனால் நம் ஊர்களில் ஊரின் நடு எது? கோயிலும் தேர்முட்டியும் இருக்கும் இடம். அங்கிருந்து ஏழு குழந்தைகளைக் கணக்கெடுக்க வாய்க்காலைத் தாண்டிக் காலனிக்கு வர வேண்டிய தேவையே இருக்காது. மையத்தில் இருப்பவர்கள் அதிகமாகவும் ஓரத்தில் இருப்பவர்கள் குறைவாகவும் கணக்கில் வருகிறார்கள் என்று புள்ளியியலாளர்களே குறை சொன்னார்கள். பிறகு முறையை மாற்றினார்கள். இப்போது பெரிய கணக்கெடுப்புகளில் எல்லா வீடுகளையும் முதலில் பட்டியல் போட்டு அதிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் உள்ளூரில் கல்லூரிகளும் நிறுவனங்களும் நடத்தும் சின்னக் கணக்கெடுப்புகளில் யார் பட்டியல் போடுகிறார்கள்? வேன் நிற்கும் இடத்தில் இறங்கி, நிழல் இருக்கும் திண்ணையில் தொடங்குகிறார்கள்.

சில சமயம் காலனிக்கு வருவதே இல்லை. ரேஷன் கடை வாசலிலோ பள்ளிக்கூடத்திலோ உட்கார்ந்துகொண்டு நம்மை அங்கே வரச்சொல்வார்கள். பக்கத்தில் ஊர்த் தெரு ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். “ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஏதாவது பிரச்சினை இருக்கா?” என்று கேட்பார்கள். இவர் நிலத்தில் நாளைக்குக் களை எடுக்கப் போகும் பெண் என்ன பதில் சொல்வாள்? “ஒண்ணும் இல்லைங்க.”

ஆஸ்பத்திரியில் என்ன பிரச்சினை என்று தேசியக் கணக்கெடுப்பும் பெண்களிடம் கேட்கிறது. அதில் வரும் காரணங்களைப் பார்த்தேன். வீட்டில் அனுமதி, பணம், தூரம், வண்டி வசதி, துணைக்கு ஆள், பெண் மருத்துவர் இல்லாதது, மருத்துவரே இல்லாதது, மருந்து இல்லாதது. எல்லாமே உண்மையான காரணங்கள்தான். எங்கள் தெருப் பெண்கள் எட்டுக்கும் ஆமாம் போடுவார்கள். ஆனால் ஒன்பதாவதாக ஒன்று உண்டு, அதைப் பட்டியலில் காணவில்லை. அங்கே என்னை எப்படி நடத்துவார்களோ என்ற தயக்கம்.

இதை அளக்க முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அளந்திருக்கிறார்கள். 2001-02ல் தமிழ்நாடு உட்பட 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமையைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் முதலானோர் எழுதி 2006ல் புத்தகமாக வந்தது. ஆய்வு செய்த கிராமங்களில் 33 சதவீதத்தில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்தார்கள் என்று அதில் பதிவாகியிருக்கிறது. மூன்றில் ஒரு கிராமம். பழைய கணக்கு என்று சொல்வார்கள். பழையதுதான். இன்று அப்படி இல்லை என்பவர்கள் புதுக் கணக்கு எடுத்துக் காட்டட்டும்.

பிறகு சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத்திலும் ராஜஸ்தானிலும் தலித் குழந்தைகளிடமே நேரில் கேட்டு ஓர் ஆய்வு செய்தார். அவர் கேட்ட விதம் எனக்குப் பிடித்தது. பாகுபாடு இருந்ததா என்று மொட்டையாகக் கேட்கவில்லை. மருத்துவர் உன்னைத் தொட்டுப் பார்த்தாரா, மாத்திரையைக் கையில் வைத்தாரா மேலிருந்து போட்டாரா, எவ்வளவு நேரம் உன்னோடு பேசினார், குரல் எப்படி இருந்தது, மற்ற பிள்ளைகளைவிட நீ அதிக நேரம் காத்திருந்தாயா என்பது போல ஒவ்வொரு கட்டமாகப் பிரித்துப் பார்த்தார். இப்படிக் கேட்டால் பதில் வரும். “உங்களுக்குப் பாகுபாடு காட்டுகிறார்களா?” என்று கேட்டால் எங்கள் ஆயாவும் இல்லை என்றுதான் சொல்வார். “மாத்திரையை எப்படிக் கொடுத்தாங்க?” என்று கேட்டால் கையால் செய்து காட்டுவார்.

கேள்வியை மாற்றினால் என்ன வெளியே வரும் என்பதற்கு வட இந்தியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டிக் கொடுத்தும் கிராமத்து ஜனங்கள் ஏன் வெளியே போகிறார்கள் என்று அரசு குழம்பிக்கொண்டிருந்த காலம். வழக்கமான பதில், அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை. 2014ல் ஓர் ஆய்வுக் குழு பீகார், ஹரியானா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய ஐந்து மாநிலங்களில் 3,200க்கும் மேற்பட்ட கிராமத்து வீடுகளுக்குப் போனது. வீட்டில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் எங்கே போகிறார் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். நல்ல நிலையில் கழிப்பறை உள்ள வீடுகளிலும்கூட 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் குறைந்தது ஒருவராவது வெளியேதான் போகிறார் என்று தெரிந்தது. ஏன் என்று துருவினார்கள். அரசு கட்டிக் கொடுத்த குழி சின்னது, சீக்கிரம் நிரம்பிவிடும் என்றார்கள். நிரம்பினால் அள்ள வேண்டும். அள்ளுவது எங்கள் வேலை இல்லை, அதற்கென்று சாதி இருக்கிறது, அவர்களும் இப்போது வர மறுக்கிறார்கள் என்றார்கள். வீட்டுக்குள்ளேயே மலக்குழி இருந்தால் தீட்டு என்றார்கள். டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் இதை 2017ல் ஒரு புத்தகமாக எழுதினார்கள். கிருமியைப் பற்றிய அறிவுக் குறைவு என்று நாடே நினைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு அடியில் சாதி உட்கார்ந்திருந்தது. அதிலும், மனப்பான்மையை மாற்ற வேண்டியவர்கள் யார் என்பதே அங்கே தலைகீழாகிவிட்டது பாருங்கள்!

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2022 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் அடுத்தடுத்து நோய்வாய்ப்பட்டார்கள். குடிநீரில்தான் ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்து மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மலம் கலந்திருந்தது. அந்தத் தெருவில் ஒரு படிவத்தோடு போய் “தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா?” என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும், அதை வைத்து என்ன பிரசுரம் அடித்திருப்பார்கள்? விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியரிடம் மக்கள் தண்ணீரோடு நிறுத்தவில்லை. டீக்கடையில் இரட்டை டம்ளர் இருப்பதையும், அய்யனார் கோயிலுக்குள் தங்களை விடாததையும் சேர்த்துச் சொன்னார்கள். ஆட்சியர் நேரில் போய் டீக்கடையைப் பார்த்தார், மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். தண்ணீரையும் டம்ளரையும் கோயிலையும் அந்த மக்கள் ஒரே மூச்சில் சொன்னார்கள். நம் படிவங்கள் இவற்றைத் தனித்தனி இலாகாவாகப் பிரித்து வைத்திருக்கின்றன.

காசநோயைப் பற்றித் தேசியக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி வரும். உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் அதை வெளியே சொல்லாமல் மறைக்க விரும்புவீர்களா என்று. மறைப்பேன் என்றால் அது தவறான மனப்பான்மை. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் மறைத்தாள். ஆறு மாதமும் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக் குணமானாள், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. டவுனில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். சொன்னால் மறுநாள் வேலை இல்லை. ஏற்கெனவே அந்த வீடுகளில் அவளுக்குத் தனி டம்ளர். அவளுக்கு எந்த மனப்பான்மையைத் திருத்தப் போகிறோம்?

இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். எங்கள் பெண்களுக்கு அதன் நிறம், பெயர், எதற்கு என்பது எல்லாம் தெரியும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு எரியும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் காலையில் எத்தனை பேர் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள்? சாப்பிட்ட பிறகு ராத்திரி போட்டுக்கொள், குமட்டல் குறையும் என்று ஒரு நர்சம்மா எங்கள் தெருவில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் பலர் திரும்பப் போட ஆரம்பித்தார்கள். “ஏன் போடலை?” என்று அவர் உட்கார்ந்து கேட்டதால் வந்தது அது.

இந்தப் பத்தியைப் படிக்கும் மாணவர்களில் பலர் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கோ, படிப்பின் பகுதியாகவோ ஏதாவது ஒரு காலனிக்குப் படிவத்தோடு போகத்தான் போகிறீர்கள். போங்கள். முடிந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள், அப்போதுதான் ஆள் இருக்கும். ஒருவரிடம் கேட்கும்போது தெருவே கூடி நின்றால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், பெண்களிடம் அவர்கள் மாமியார் முன்னால் கேட்காதீர்கள். ‘இல்லை’ என்று டிக் அடித்தவுடன் அடுத்த கேள்விக்குத் தாவாமல் “ஏன்க்கா முடியலை?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, சொன்னதைச் சொன்னபடியே ஓரத்தில் எழுதுங்கள். உங்கள் பேராசிரியர் திட்டினால் திட்டட்டும்.

இன்னொன்று. அன்று வந்த எட்டுப் பேருக்கும் எங்கள் தெருவில் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏழு பேர் “வேண்டாம் ஆயா, பாட்டில் இருக்கு” என்றார்கள். வெளியே தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று கல்லூரியில் சொல்லி அனுப்பியிருக்கலாம், அதில் தப்பும் இல்லை. ஆனால் காலனியில் தண்ணீர் கொடுப்பது தாகத்துக்கு மட்டும் இல்லை என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நீங்கள் எங்கள் மனப்பான்மையை அளக்கும் முன்பே நாங்கள் உங்களுடையதை அளந்துவிடுவோம். எங்கள் எதிர்வீட்டு ஆயாவிடம் உட்கார்ந்த பெண் மட்டும் வாங்கிக் குடித்தாள். அவளிடம்தான் ஆயா, படிவம் முடிந்து பிரஷர் பார்த்தபோது, கேட்காததையெல்லாம் சொன்னார்.

“பிரஷர் ரொம்ப இருக்கே ஆயா, மாத்திரை போடலையா?”

“தீந்து இருவது நாளாவுது. அந்தப் பொண்ணு வந்தப்ப நான் மவ ஊட்டுக்குப் போயிட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா பஸ்சுக்கு வேணும், கூட ஆள் வேணும், பேரன் ஒருநாள் கூலிய உட்டுட்டு வரணும். போனா அங்க ‘காலனி எல்லாம் அந்தப் பக்கம் நில்லு’ன்றாங்க.”

படிவத்தில் ‘தொடர்ந்து மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்பதற்கு எதிரே ‘இல்லை’ என்று மட்டும் இருந்தது. அவள் மற்றதைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அந்தப் பின்பக்கத்தை யாராவது திருப்பிப் பார்ப்பார்களா, தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு எங்கள் தெருவில் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் என்னிடம் வந்தார்கள். “நாமே ஒரு நோட்டுல எழுதலாமா அக்கா?” என்றார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். சாயங்காலங்களில் வீடு வீடாகப் போனோம். மாத்திரை கடைசியாக எப்போது வந்தது, தீர்ந்தபோது என்ன செய்தீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாளில் என்ன செலவு, அன்று எவ்வளவு கூலி போயிற்று, அங்கே உட்காரச் சொன்னார்களா, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா வேறு எப்படியாவது கூப்பிட்டார்களா, டாக்டர் தொட்டுப் பார்த்தாரா. இவ்வளவுதான் கேட்டோம். உப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

இது ஆய்வு இல்லை, சதவீதம் எதுவும் நான் சொல்லப் போவதில்லை. ஆனால் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. ஒன்று, மாத்திரை கொண்டுவரும் பெண் நல்லவர், குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அவர் வருவது காலையில், வீடு பூட்டியிருக்கும் நேரத்தில். அவருக்கும் பல தெரு ஒதுக்கியிருக்கிறார்கள், அவரும் குறைந்த ஊதியத்தில் வேலை செய்பவர். இரண்டாவது, ‘காலனி’ என்று கூப்பிடுவது. இதைச் சொல்லும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், பிள்ளைகள் உயர்த்தினார்கள். ஒரு பெரியவர் “இத எல்லாம் எழுதி என்னம்மா ஆவப்போவுது, மாத்திரை வந்தா போதும்” என்றார். அவர் பேத்தி, கல்லூரி இரண்டாம் ஆண்டு, “எழுதுங்கக்கா” என்றாள். இரண்டையும் எழுதிக்கொண்டோம்.

மாத்திரைப் பெண்ணிடம் நேரில் பேசினோம். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் தெருவுக்கு வர ஒத்துக்கொண்டார். இரண்டு வாரமாக வருகிறார். ஆயாவுக்கு மாத்திரை கிடைத்துவிட்டது. இரண்டாவது விஷயத்துக்காக வட்டார மருத்துவ அலுவலருக்கு மனு கொடுத்தோம், ரசீதும் வாங்கினோம். பதில் இல்லை.

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருவதற்கு இந்த நோட்டைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போகிறோம். பெயர்களை எடுத்துவிட்டோம், களை எடுக்கப் போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊராட்சியில் யார் எந்த உடல்நலக் கணக்கெடுப்பு நடத்தினாலும் அதன் முடிவைக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானமும் எழுதி வைத்திருக்கிறோம். நர்சிங் கல்லூரிக்கு ஒரு பிரதி தபாலில் போகிறது. தண்ணீர் வாங்கிக் குடித்த அந்தப் பெண்ணின் பெயரை அன்று யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, அதனால் உறையின் மேல் முதல்வருக்கு என்றுதான் எழுதியிருக்கிறோம்.